பைப் ஆர்கன்: ஒரே ஒரு குழாயிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

பைப் ஆர்கன் கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேரே கட்டைகளின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பியானோ தெரிந்தவர் என்றால் கை உடனே ஓடத் தொடங்கும். அரை மணி நேரத்தில் ஏதோ ஒரு பாட்டும் வந்துவிடும். ஆனால் கேட்பவர் காதில் விழுவது மூச்சுவிடாமல் கத்தும் பியானோ. தவறு விரலில் இல்லை. பியானோ அடித்து ஒலிக்க வைக்கும் கருவி. ஆர்கன் ஊதி ஒலிக்க வைக்கும் கருவி. பிறப்பால் அது புல்லாங்குழலுக்கு உறவு. கட்டைகள் அதன் கதவைத் திறக்கும் கைப்பிடிகள் மட்டுமே.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் வழக்கமான வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் காற்று, அடுத்து கையால் செய்த ஒரு குழாய், பிறகு கருவி, அதன் பிறகே வாசிப்பு. இசை எழுதுவது கடைசியில். தச்சு வேலை நமக்கு ஆகாது என்பவர்களும் இரண்டாம் படியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். வாசிக்கும்போது விரலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

முதல் படி: காற்றை நிலைப்படுத்துதல்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த க்டெசிபியஸ் என்ற பொறியாளரிடமிருந்து ஆர்கனின் கதை தொடங்குகிறது. குழாய்களை வரிசையாக அடுக்கி ஊதுவது அவருக்கு முன்பே எல்லோரும் அறிந்தது. அவர் தீர்த்த சிக்கல் வேறு. பம்பு ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் காற்று ஏறி இறங்கும். அதோடு சுருதியும் ஏறி இறங்கும். காற்றுக்கும் குழாய்க்கும் நடுவில் தண்ணீரை வைத்து, அந்தத் தண்ணீரின் எடையாலேயே அழுத்தத்தைச் சமன்செய்தார். ஹைட்ராலிஸ் என்ற பெயர் அதனால் வந்தது. கி.பி. 228ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சிறிய ரோமானிய ஆர்கனின் பாகங்கள் 1931இல் புடாபெஸ்டில், பழைய அக்விங்கம் நகரின் இடிபாடுகளுக்குள் கிடைத்தன. இன்று தண்ணீர் போய், துருத்தியும் அதன்மேல் வைக்கும் எடையும் வந்துவிட்டன. வேலை அதேதான்.

அழுத்தத்தை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ‘U’ வடிவில் வளைத்துப் பலகையில் கட்டுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைக் குழாய்கள் நிற்கும் காற்றுப் பெட்டியில் செருகினால் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அழுத்தம். நடுத்தர அளவுள்ள ஆர்கன்களில் அது பெரும்பாலும் 60 முதல் 100 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நாம் வாயால் மெதுவாக ஊதினாலே அந்த அளவைத் தொட்டுவிடலாம்.

எடைக் கணக்கும் எளிதுதான். 70 மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 70 கிலோ. மேல்தட்டு சாயாமல் நேராக உயரும் துருத்தி ஒன்று 50 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.2 சதுர மீட்டர். தட்டின் சொந்த எடையையும் சேர்த்து 14 கிலோ இருந்தால் போதும். கூடவோ குறையவோ வேண்டுமானால் ஒரு செங்கல்லை ஏற்றலாம், இறக்கலாம். நூற்றாண்டுகளாகப் பெரிய தேவாலயங்களின் துருத்தி அறைகளில் நடப்பதும் இதுதான்.

இரண்டாம் படி: ஒரு மரக்குழாய்

மூடிய மரக்குழாயைத்தான் முதலில் செய்ய வேண்டும். மேல்முனையைத் தக்கையால் அடைத்த குழாய், திறந்த குழாயின் பாதி நீளத்திலேயே அதே சுரத்தைக் கொடுக்கும். மரமும் மிச்சம். தக்கையை நகர்த்திச் சுருதி சேர்க்கலாம் என்பதால் நீளத்தில் சிறிது தவறினாலும் பாதகமில்லை.

பியானோவின் நடு ஸி சுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அதிர்வு நொடிக்கு 261.6. ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர். மூடிய குழாயில் கால் அலை மட்டுமே அடங்கும். ஆக 343ஐ அதிர்வெண்ணாலும் நான்காலும் வகுத்தால் ஏறத்தாழ 32.8 சென்டிமீட்டர் வருகிறது. உண்மையில் தக்கை வாயிலிருந்து 28 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். காற்றின் அதிர்வு வாயோடு முடியாமல் கொஞ்சம் வெளியேயும் வழிந்து போவதால் இந்தக் குறைவு. ஆகையால் உடலை 34 சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். நான் பயன்படுத்தும் அளவுகள் இவை: உள் அகலம் 30 மில்லிமீட்டர், உள் ஆழம் 38, பலகைத் தடிமன் 8. கணு இல்லாத, நார் நேராக ஓடும், நன்றாகக் காய்ந்த பைன் மரம் வேண்டும்.

அடியில் ஒரு மரக்கட்டி. அகலம் 30, ஆழம் 38, உயரம் 50 மில்லிமீட்டர். அதன் முன்முகத்தில், மேல் ஓரத்திலிருந்து 6 மில்லிமீட்டர் விட்டுவிட்டு, அதற்குக் கீழே முழு அகலத்துக்கும் 12 மில்லிமீட்டர் ஆழமான ஒரு பள்ளத்தை உளியால் எடுங்கள். பள்ளத்துக்குக் கீழேயும் 10 மில்லிமீட்டர் மரம் மிஞ்ச வேண்டும். கட்டியின் அடியிலிருந்து அந்தப் பள்ளத்தைத் தொடும்படி 10 மில்லிமீட்டர் துளை போடுங்கள். காற்று இந்த வழியாகத்தான் மேலே வரும்.

இப்போது பக்கப் பலகைகள் இரண்டு, பின்பலகை ஒன்று. மூன்றும் 39 சென்டிமீட்டர் நீளம். பக்கப் பலகைகளின் அகலம் 38 மில்லிமீட்டர், பின்பலகையின் அகலம் 46. மூன்றையும் கட்டியோடு சேர்த்து மரப்பசையால் ஒட்டுங்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்து இறுகக் கட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். இங்கே அவசரம் கூடாது. தலைமயிர் நுழையும் அளவு இடுக்கு இருந்தாலும் குழாய் சீறும். சீறுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு குழாயே செய்துவிடலாம்.

முன்பலகை, 46 மில்லிமீட்டர் அகலமும் 33 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. அதன் கீழ்முனைதான் மேலுதடு. வெளிப்பக்கத்திலிருந்து சரிவாகச் சீவி, ஓரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்படி செய்யுங்கள். உட்பக்கத்தைத் தொடவே கூடாது. மரக்கட்டியின் மேல் ஓரத்துக்கும் இந்த உதட்டுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி ஒட்டுங்கள். அந்த இடைவெளியே வாய்.

கடைசியாக மூடி. மரக்கட்டியின் முன்முகத்தை முழுவதும் மறைக்கும் 46க்கு 50 மில்லிமீட்டர் பலகை. அதன் உட்புறத்தின் மேல்பகுதியில், நடுவே 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு, 10 மில்லிமீட்டர் உயரம் வரை, அரை மில்லிமீட்டர் ஆழம் மட்டும் அரத்தால் தேயுங்கள். இந்தக் காகித அளவு இடுக்கு வழியாகத்தான் காற்று தட்டையான நாடாவாக எழுந்து மேலுதட்டில் போய் மோதும். மூடியை ஒட்ட வேண்டாம். நான்கு திருகாணிகளால் மாட்டுங்கள். குறைந்தது பத்து முறையாவது கழற்ற வேண்டியிருக்கும்.

கீழ்த்துளையில் ஒரு சிறு குழலைச் செருகி, மேலே தோல் சுற்றிய தக்கையை இறுக்கமாகவும் அதே நேரம் நகரும்படியும் பொருத்தி ஊதுங்கள்.

முதல் முறை ஒலிக்காது. அல்லது கீச்சென்று, எதிர்பார்த்ததைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் மேலே ஒலிக்கும். மூடிய குழாயில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் (அடிச்சுரத்தின் மடங்குகளாக அதிர்பவை) மட்டுமே பலமாக எழும். இரண்டாவது சுரத்தைத் தாண்டி நேராக மூன்றாவதுக்குத் தாவிவிடும். வாய் இன்னும் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். உப்புத்தாளால் மேலுதட்டை அரை மில்லிமீட்டர் மட்டும் உயர்த்திவிட்டு மீண்டும் ஊதுங்கள். மறுபடி அரை மில்லிமீட்டர். ஏதோ ஓரிடத்தில், பெரும்பாலும் 10க்கும் 12க்கும் நடுவில், கீச்சொலி கீழே இறங்கி உருண்டையான, கொஞ்சம் மூச்சு கலந்த ஒரு குரல் வந்து உட்காரும். அந்த நொடிக்காகத்தான் இத்தனை வேலையும்.

அங்கே நிறுத்திவிடுங்கள். என் முதல் குழாயில் நான் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் இனிமை கிடைக்குமே என்று தேய்த்துக்கொண்டே போனேன். 15 மில்லிமீட்டரில் சுரம் செத்து வெறும் காற்று மட்டும் மிஞ்சியது. வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது. அது இப்போது என் மேசையில் பென்சில் தாங்கியாக இருக்கிறது.

இந்தத் தேய்ப்புக்கும் கேட்புக்கும் பெயர் வாய்ஸிங். ஆர்கன் கட்டுபவர்களிடையே தனி மரியாதை இந்த வேலை தெரிந்தவருக்குத்தான். பொதுவிதி இதுதான்: உதடு தாழ்ந்திருந்தால் குரலில் மேற்சுரங்கள் கூடும், கூர்மை வரும், உயர்ந்தால் குரல் மழுங்கிப் புல்லாங்குழல் போல ஆகும். காற்று இடுக்கின் ஓரத்தில் நுண்ணிய வெட்டுகள் போட்டால், சுரம் தொடங்கும்போது வரும் ‘ச்ஃ’ என்ற துப்பல் குறையும். முழுவதும் எடுத்துவிடுவதை நான் விரும்புவதில்லை. அந்தத் துப்பல்தான் குழாயின் மெய்யெழுத்து. அது போனால் உயிரெழுத்து மட்டுமே நீண்டுகொண்டிருக்கும்.

உலோகக் குழாய்களின் கோட்பாடும் இதுவே, கைவேலை மட்டும் வேறு. வெள்ளீயமும் காரீயமும் கலந்து உருக்கி, நீண்ட மேசையில் ஊற்றித் தகடாக்கி, சீவி, உருளையில் சுற்றிப் பற்றவைக்கிறார்கள். வெள்ளீயம் பாதியளவு இருக்கும்போது தகடு ஆறுகையில் மேற்பரப்பில் புள்ளிபுள்ளியாக ஓர் அழகான கோலம் விழும். காரீயம் நஞ்சு, வீட்டில் செய்து பார்க்கும் காரியமல்ல. மூங்கிலிலும் செய்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் லாஸ் பினியாஸ் நகரில் தியேகோ செரா என்ற பாதிரியார் 1824இல் முடித்த ஆர்கனில் 1031 குழாய்கள். அவற்றில் 902 மூங்கில். இன்றும் ஒலிக்கிறது.

இன்னொரு இனம் நாக்குக் குழாய்கள். பித்தளை நாக்கு ஒன்று சற்றே வளைந்து, ஒரு காடியின்மேல் படபடக்கும். நாகசுரத்தின் சீவாளியை நினைத்துக்கொள்ளலாம். இங்கே நாக்கின் நீளமே சுருதியைத் தீர்மானிக்கிறது. மேலே நிற்கும் நீண்ட கூம்பு குரலின் நிறத்தைக் கொடுக்கிறது. டிரம்பெட், ஓபோ என்று பெயர் போட்ட குழாய் வரிசைகள் இந்த இனம். முதல் ஆண்டில் இதைத் தொட வேண்டாம்.

மூன்றாம் படி: குழாய்கள் குடும்பமாவது

ஒரு குழாய், ஒரு சுரம், ஒரு நிறம். இதே நிறத்தில் ஐந்து ஸ்தாயிக்குக் குழாய்கள் வேண்டுமென்றால் 61 குழாய்கள். அந்த வரிசையையும், அதை ஒலிக்க வைக்க இழுக்கும் குமிழையும் ஸ்டாப் என்கிறோம்.

ஸ்டாப்பின்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துப் புதியவர்கள் மிரண்டுபோவார்கள். 8 அடி என்றால் கீழ்க்கோடி ஸி சுரத்தின் திறந்த குழாய் ஏறத்தாழ 8 அடி நீளம் என்று பொருள். அதில் எழுதியபடியே ஒலிக்கும். 4 அடி ஸ்டாப் ஒரு ஸ்தாயி மேலே, 16 அடி ஒரு ஸ்தாயி கீழே. 32 அடியின் கடைசிச் சுரம் நொடிக்கு 16 அதிர்வு. காதைவிட முதுகும் நாற்காலியும்தான் அதை முதலில் அறிகின்றன. சிட்னி டவுன் ஹாலில் 1890இல் அமைத்த ஆர்கனில் 64 அடி ஸ்டாப் ஒன்றும் உண்டு.

2⅔ அடி என்பது விசித்திரமானது. ஸி கட்டையை அழுத்தினால் ஜி ஒலிக்கும். தனியாகக் கேட்டால் கட்டை மாறிவிட்டதோ என்று தோன்றும். 8 அடியோடு சேர்த்துக் கேளுங்கள்: ஜி மறைந்துவிடும், ஸியின் நிறம் மட்டும் மாறியிருக்கும். 8 அடிக் குழாயின் மூன்றாவது மேற்சுரத்தை வெளியிலிருந்து ஊட்டுகிறோம், அவ்வளவே. 1⅗ அடி ஐந்தாவது மேற்சுரம். 8, 4, 2⅔, 2, 1⅗ ஐந்தையும் ஒன்றாக இழுத்தால் பிரெஞ்சுக்காரர்கள் கொர்னே என்று சொல்லும் மூக்கொலி கலந்த குரல் பிறக்கும். மின்னணு சிந்தசைசர்கள் செய்த வேலையை மரமும் ஈயமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டன.

குழாய்களின் பருமனுக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ஸ்தாயி ஏறும்போது நீளம் பாதியாகிறது. விட்டத்தையும் அதே வேகத்தில் பாதியாக்கினால் மேல் சுரங்கள் ஒட்டடைக் குச்சியாகி மெலிந்து கீச்சிடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான டோப்ஃபர் வகுத்த அளவுமுறையில், விட்டம் 17ஆவது குழாயில்தான் பாதியாகிறது. இன்றும் கட்டுபவர்கள் இதை அடிப்படையாக வைத்து, ‘இங்கே இரண்டு சுரம் அகலம், அங்கே ஒன்று குறுகல்’ என்று பேசிக்கொள்வார்கள்.

நான்காம் படி: கட்டைக்கும் குழாய்க்கும் நடுவில்

குழாய்கள் நிற்கும் காற்றுப் பெட்டியின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு குழாய் ஒலிக்க இரண்டு அனுமதி வேண்டும். ஸ்டாப்பை இழுக்கும்போது, அந்த வரிசையின் அடியில் ஓடும் துளையிட்ட நீண்ட பலகை நகர்ந்து துளைகள் நேர்ப்படும். கட்டையை அழுத்தும்போது, அந்தச் சுரத்துக்கான பள்ளத்தின் அடியில் தோல் ஒட்டிய அடைப்பான் திறந்து காற்று உள்ளே பாயும். இரண்டும் நேர்ந்தால் ஒலி. எதிலாவது ஒன்று குறைந்தால் மௌனம்.

கட்டையிலிருந்து அடைப்பான் வரை மெல்லிய மரச் சட்டங்கள் இழுத்துச் செல்லும் முறையை டிராக்கர் என்கிறார்கள். மின்காந்தம் கொண்டு திறப்பது இன்னொரு முறை. முதலாவதில் கட்டையை அழுத்தத் தொடங்கும்போது விரல் ஒரு சின்னத் தடையை உணரும். அடைப்பான் காற்றழுத்தத்தை மீறிப் பிரியும் இடம் அது. ஈரத்துணியிலிருந்து ஒட்டிய தாளைப் பிரிப்பதுபோல ஒரு ‘சட்’. அந்த இடத்தை விரல் அறிந்துவிட்டால் சுரம் எப்போது பிறக்கிறது என்பதில் சந்தேகமே வராது. கற்பவர்களுக்கு டிராக்கர் கருவியைத்தான் பரிந்துரைப்பேன்.

பெரிய கருவிகளில் இந்தத் தடை கூடிக்கூடி விரல் ஒடியும் அளவுக்குப் போயிற்று. காற்றின் பலத்தையே கொண்டு கட்டையை இலகுவாக்கும் பார்க்கர் நெம்புகோல் அதற்குத் தீர்வாக வந்தது. அதை ஏற்று பிரெஞ்சு ஆர்கன் கட்டுநர் கவையே-கோல் 1841இல் செயின்ட்-டெனி தேவாலயத்திலும், பிறகு 1862இல் பாரிஸின் செயின்ட்-சுல்பிஸில் 100 ஸ்டாப்புகளோடும் கட்டியவையே பிரெஞ்சு சிம்பொனி ஆர்கனுக்கு வழி திறந்தன.

சிறியதாகத் தொடங்க விரும்பினால் 12 குழாய், ஒரு ஸ்தாயி, ஒரே ஸ்டாப் என்று ஒரு பெட்டி செய்யுங்கள். நகரும் பலகையே தேவையில்லை; அடைப்பான்கள் மட்டும் போதும். அடைப்பானின் தோலில் ஒரு மரத்தூள் துகள் ஒட்டினாலும் மூடாது. கையை எடுத்த பிறகும் அந்தச் சுரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். இதை சைஃபர் என்பார்கள். நிகழ்ச்சிக்கு நடுவே வந்தால் கட்டையைப் படபடவென்று நான்கைந்து முறை தட்டிப் பாருங்கள், துகள் பறந்துவிடலாம். போகாவிட்டால் அந்தக் குழாயையே பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு மேலே வாசிக்க வேண்டியதுதான். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

சுருதி சேர்ப்பதைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதுவே போதும்: வெப்பநிலை. காற்று சூடானால் ஒலி வேகமாகிறது, நாக்கில்லாத உதட்டுக் குழாய்களின் சுருதி ஏறுகிறது. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு. நாக்குக் குழாய்கள் அவ்வளவாக அசைவதில்லை. அதனால் வெயில் நாளில் ‘டிரம்பெட் இறங்கிவிட்டது’ என்று எல்லோரும் சொல்வார்கள். இறங்கியது டிரம்பெட் அல்ல. மற்ற எல்லாம் ஏறியிருக்கின்றன. ஆனாலும் ஆயிரம் குழாய்களை மாற்றுவதைவிட அறுபதை மாற்றுவது எளிது என்பதால் டிரம்பெட்டைத்தான் திருத்துகிறோம். திருத்தும்போது குழாயைக் கையால் பிடிக்காதீர்கள். உள்ளங்கைச் சூடு போதும், கையை எடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் வீண்.

ஐந்தாம் படி: வாசிப்பு

பெஞ்சின் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். பாதங்கள் பெடல்களை, அதாவது காலால் வாசிக்கும் கட்டைகளை, அழுத்தாமல் மேலே தங்கி நிற்க வேண்டும். மெல்லிய அடியும் சிறிய குதியும் உள்ள காலணி நல்லது; தடித்த ரப்பர் அடி கூடாது. பெடல் கட்டைகள் 30 அல்லது 32 இருக்கும். கீழே பார்க்காதீர்கள். கறுப்புப் பெடல்கள் இரண்டு, மூன்று என்று கொத்தாக இருக்கின்றன. கொத்துகளுக்கு நடுவேயுள்ள அகன்ற இடைவெளியில் பாதத்தின் ஓரத்தை வைத்துத் தடவியே இடம் கண்டுபிடிக்கலாம். முழங்கால்களைச் சேர்த்து வைத்துப் பழகினால் ஒரு பாதத்திலிருந்து மற்றதுக்குள்ள தூரம் உடம்பில் பதிந்துவிடும்.

இனி, முடித்தல். பியானோவில் சுரம் பிறந்ததுமே தேயத் தொடங்கும். எப்போது விடுகிறோம் என்பது பாதி நேரம் யாருக்கும் தெரியாது. ஆர்கனில் சுரம் கடைசி நொடி வரை முழுப் பலத்தோடு நின்று, விட்ட கணத்தில் அறுந்துவிடும். எனவே கட்டையை விடுவதும் அழுத்துவதற்குச் சமமான செயல். நான்கு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒட்டி ஒட்டி வாசியுங்கள். அடுத்து ஒவ்வொரு சுரத்துக்குப் பிறகும் மயிரிழை இடைவெளி விடுங்கள். மூன்றாவது முறை, நான்காம் சுரத்துக்குப் பிறகு மட்டும் பெரிய இடைவெளி விட்டு மறுபடி முதல் சுரத்தைத் தொடுங்கள். முதல் சுரம் அழுத்தமாக ஒலிப்பதுபோலத் தோன்றும். உண்மையில் பலம் ஒன்றேதான். முன்னால் இருந்த மௌனம் அதை அழுத்திக் காட்டுகிறது. விரலால் பலத்தை மாற்ற முடியாத கருவியில் தாளம் உயிரோடு இருப்பது இந்த இடைவெளிகளால்தான். இதைச் சலிக்கும் வரை பயிலுங்கள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தால், அதன் காலத்தில் பாதியை மௌனத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்; அரங்கத்தின் எதிரொலி மீதியை நிரப்பிவிடும்.

அதன் பிறகு கைகால் சேர்ப்பு. வலக்கை, இடக்கை, கால் என்று மூன்றையும் தனித்தனியே பயின்றுவிட்டு நேராக மூன்றையும் சேர்ப்பதே எல்லோரும் செய்யும் பிழை. இடக்கையும் காலும் சேரும் இடத்தில்தான் முடிச்சு. பியானோவில் அடிச்சுரங்கள் இடக்கையின் சொத்து. கால் அதைப் பறித்துக்கொள்ளும்போது இடக்கை பழக்கதோஷத்தில் காலின் பின்னாலேயே ஓடும். ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியை இடக்கைக்கும் காலுக்கும் ஒதுக்குங்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய ஆறு டிரியோ சொனாட்டாக்களில் இரண்டு கைகளும் இரண்டு வரிசைக் கட்டைகளில், கால் மூன்றாவது குரலில், ஒருவருக்கொருவர் அடங்காமல் ஓடும். அவற்றில் ஒரு பக்கத்தைத் தடுக்காமல் வாசிப்பவருக்கு மற்றவை எல்லாம் இறக்கத்தில் சைக்கிள் ஓட்டுவது போல.

இன்னொரு தொல்லை தாமதம். குழாய்கள் 34 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். காதில் விழுவதைக் கேட்டு அடுத்த சுரத்தை அழுத்தினால் வேகம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். காதை நம்பாமல் விரலை நம்ப வேண்டிய அபூர்வமான இசைக்கருவி இது.

ஸ்டாப் தேர்வில், முதல் மாதம் ஆர்கனின் அடிப்படைக் குரலான பிரின்சிபல், அதுவும் ஒரே ஒரு 8 அடியோடு வாசியுங்கள். அதிலேயே பாட்டு உயிரோடு இருந்தால் 4 அடியைச் சேருங்கள், பிறகு 2 அடி, கடைசியில் மிக்ஸ்சர் (ஒரு கட்டைக்குப் பல உயர்ந்த குழாய்கள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்டாப்). வடஜெர்மன் மரபுக் கருவிகளில் ஒரே உயரத்தில் பல ஸ்டாப்புகளைக் குவிப்பது ஒலியைத் தடிப்பாக்கும், தெளிவைக் குறைக்கும். கவையே-கோல் கருவியில் இதே விதியைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஏமாறுவீர்கள். அங்கே 8 அடிகளை எல்லாம் ஒன்றாக இழுப்பதே அழகு. கருவி எந்த மரபு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையை வையுங்கள். பாக் புதிய ஆர்கன் ஒன்றைச் சோதிக்கப் போனால் முதலில் எல்லா ஸ்டாப்புகளையும் இழுத்துவிட்டு வாசிப்பாராம், அதன் நுரையீரல் எப்படி என்று பார்க்க. அவருக்கும் முதல் கேள்வி காற்றுதான்.

ஆறாம் படி: ஆர்கனுக்கு எழுதுதல்

மூன்று வரித்தொகுதிகளில் எழுத வேண்டும்: மேலே வலக்கை, நடுவில் இடக்கை, அடியில் பெடல். எல்லை முக்கியம். பழைய கருவிகள் பலவற்றில் மேல்கோடி 56ஆம் கட்டையோடு முடிந்துவிடும். 61ஆம் கட்டையை நம்பி உச்சக்கட்டத்தை எழுதினால் அந்த ஊர்களில் உங்கள் இசைக்குத் தலை இருக்காது.

ஆர்கன் சுரம் தேயாது. எழுதுகிறவர் முதலில் மனத்தில் ஏற்ற வேண்டியது இது ஒன்றுதான். ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் நகரில் ஜான் கேஜ் எழுதிய ஓர் ஆர்கன் இசையை 2001 முதல் ஒலிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள், 2640இல் முடியும். சிறு மணல் மூட்டைகள் கட்டைகளைத் தாழ்த்திப் பிடித்திருக்க, ஒரு சுரக்கூட்டு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. காற்று இருக்கும் வரை சுரம் இருக்கும். பெரும்பாலான மரபுக் கருவிகளுக்கு இப்படி எழுதிவிட முடியாது.

இதன் விளைவு நம் தாளில் என்ன? நீண்ட சுரம் ஓய்வாக இருக்காது; நேரம் ஆக ஆகக் கனக்கும். அதை நிறுத்தி வைத்தால் மற்றொரு குரல் அதன்மேல் நடந்தாக வேண்டும். பலத்தை ஏற்ற வேண்டுமா? ஏற்றக் குறியைப் போட்டுப் பயனில்லை. இரண்டு குரலில் தொடங்கி மூன்றாக்குங்கள், நான்காக்குங்கள், அடியில் பெடலைக் கொண்டுவாருங்கள். ஸ்டாப்பைத் தொடாமலே ஒலி வளரும். ஸ்டாப் மாற்ற வேண்டிய இடத்தில் ஒரு கைக்கு ஒரு தாள அளவாவது ஓய்வு கொடுங்கள். வாசிப்பவருக்கு மூன்றாவது கை கிடையாது.

கீழ் ஸ்தாயியில் சுரங்களை நெருக்கி அடுக்காதீர்கள். பெடல் பெரும்பாலும் 16 அடியோடு ஒலிப்பதால் நீங்கள் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழேயும் அது கேட்கும். இடக்கையின் மூன்றாம் இடைவெளிகள் (ஸ-க போன்ற நெருங்கிய சுரச் சேர்க்கைகள்) அதில் விழுந்தால் சேறுதான். மாறாக, பெடலில் 4 அடி ஸ்டாப்பை மட்டும் இழுக்கச் சொல்லிப் பாட்டைக் காலுக்குக் கொடுத்துப் பாருங்கள். அடியில் இருக்க வேண்டியது கைகளுக்கு நடுவே எழுந்து பாடும். பழைய கோரல் (தேவாலயப் பாட்டு) இசையில் அடிக்கடி செய்த தந்திரம், இன்றும் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

ஸ்டாப்புகளின் பெயரை மிக நுணுக்கமாக எழுதி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கருவியிலுள்ள ஃப்ளூட் இன்னொன்றின் ஃப்ளூட் அல்ல. ‘மென்மையான 8, தனிக்குரலுக்கு நாக்கு வகை, பெடலில் 16 மட்டும்’ என்று தேவையை எழுதுங்கள். மிச்சத்தை அந்தக் கருவியை அறிந்தவர் பார்த்துக்கொள்வார்.

முதல் படைப்புக்கு ஒரு பயிற்சி. 16 தாள அளவு, இரண்டு குரல், ஒரே ஒரு 8 அடி மூடிய ஃப்ளூட். பெடல் வேண்டாம். ஒவ்வொரு சொற்றொடரையும் நீங்களே பாடிப் பார்த்து, மூச்சு வாங்கும் இடத்தில் காற்புள்ளி போடுங்கள். எழுதி முடித்ததும் நீங்களே வாசித்துத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். வேறொருவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் போங்கள், கையில் பென்சிலோடு. பெஞ்சில் தெளிவாகக் கேட்ட வேகமான இடம் ஒன்று அங்கே குழம்பிக் கேட்கும். அங்கே இரண்டு சுரங்களை அடித்துவிட்டு, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.